மேட்டில் மட்டும் ஓடுகிறவள்

கதவுக்கு உள்ளிருந்து ராசாத்தி அக்காவின் குரல் கேட்டது.

"ஒத்தையா, கூட்டமா?"

 எனக்கு மூச்சு வாங்கியது. தகரக் கதவில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து நின்றேன். பனியில் நனைந்த கதவு ஜில்லென்று இருந்தது. உள்ளே தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் அடைந்து கிடந்தார்கள். தொட்டிலில் தூங்கிய பிள்ளைகள் எழுந்து வீரிட்டு அழுதன.

"அடியே செல்வி, காது கேக்குதா? குட்டி கூட இருக்கா?"

"ஆனை இல்லக்கா."

"அப்புறம் என்னா? கரடியா?"

"ஒண்ணும் இல்ல. நான் சும்மா ஓடுனேன்."

 பிறகு தாழ்ப்பாள் விலகியது. பெண்களை வேலை வாங்கும் மேஸ்திரி கணேசன் தலையை நீட்டி, எனக்குப் பின்னால் கிடந்த ரோட்டைப் பார்த்தார். அங்கே பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

"சும்மான்னா?"

"உடம்புக்கு நல்லதுன்னு."

உள்ளே யாரோ சிரித்தார்கள். ராசாத்தி அக்கா சிரிக்கவில்லை. தலைத்துண்டு அவிழ்ந்து அவள் தோளில் தொங்கியது. ஒரு காலில் செருப்பு இல்லை. என்னை அறையப் போகிறாள் என்று நினைத்தேன். அறையவில்லை. என்னைத் தாண்டி, செருப்பைத் தேடிக்கொண்டு மேலே நடந்தாள்.

போன வாரம் என் கல்யாணக் கதையை எழுதியதற்கு, இவ்வளவு பச்சையாக எழுதலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். இந்த வாரம் நான் ஓட ஆரம்பித்த கதை.

ஏரிக்கரையில் பார்த்தது

எங்கள் எஸ்டேட் கூடலூர் தாண்டி, சேரம்பாடிப் பக்கம். நான் பிள்ளைக் காம்பரா ஆயா. அம்மாக்கள் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த எங்கள் பெற்றோர் அந்தப் பெயரையும் கூடவே கொண்டுவந்தார்கள். காலையில் இன்னொரு ஆயா இருப்பாள். எனக்குப் பத்து மணிக்கு மேல்தான் முறை.

ஓட வேண்டும் என்று எனக்கு ஆசையெல்லாம் இருந்ததில்லை. கோபம்தான் இருந்தது. ஒருநாள் ரேஷன் அரிசியோடு மேடு ஏறி வந்து, மூச்சு இரைக்க வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "ஃபேக்டரி மெஷின் நின்னுபோச்சுன்னுல்ல நெனச்சேன். இங்க ஓடுதா?" என்றார்.

அவருக்கு ஃபேக்டரியில் இலை வாட்டும் வேலை. மெஷின் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. அன்று அவருக்கு இரண்டாவது டீ கிடைக்கவில்லை.

அப்புறம் ஒரு காரியமாக ஊட்டிக்குப் போனோம். காலை நேரம். ஏரியிலிருந்து பனி ஆவி மாதிரி எழுந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும். ரோஸ் நிறத்தில் பூட்ஸ். அவள் முகத்தில் அவசரமே இல்லை. எதிலிருந்தும் தப்பிக்கவில்லை. எங்கேயும் போய்ச் சேர வேண்டியதும் இல்லை. எங்களைத் தாண்டிப் போய் மறுபடி பனிக்குள் மறைந்தாள். பூட்ஸ் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் தண்ணீர் மேல் கேட்டுக்கொண்டிருந்தது.

சோளம் சுட்டவர் திரும்பிப் பார்க்கவில்லை. குதிரைக்காரர் பார்க்கவில்லை. ஒரு பெண் நடுரோட்டில் ஓடுகிறாள், ஏன் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

பஸ் கூடலூர் வந்து சேரும்வரை கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டபடி வந்தேன். நான் தூங்குகிறேன் என்று நினைத்து அவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். விட்டுவிட்டேன்.

பந்தயம் என்று நினைத்தவர்

எங்கள் பக்கம் பெரியவர்கள் யாரும் ரோட்டில் ஓடுவதில்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டோம். டிரைவர் நிற்பார், இல்லையென்றால் அடுத்த பஸ். பிள்ளைகள் லயத்து வாசலில், எங்கள் வரிசை வீடுகளுக்கு முன்னால், ஓடிப் பிடித்து விளையாடலாம். ரோட்டில் ஓடினால் அடி விழும். ரோட்டில் ஓட்டம் என்றால் யானை. ஒருவர் ஓடுவதைக் கண்டால் காரணம் கேட்காமல் கூடவே ஓட வேண்டும்.

என் அப்பா இங்கே வந்த புதிதில் இது அவருக்குத் தெரியாது. இலங்கையில் அவர்கள் இருந்த மலைத் தோட்டத்தில் யானை கிடையாது. ஒருநாள் காலை ஆட்கள் தலைதெறிக்க ஓடுவதைப் பார்த்து, பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்துவிட்டார். பெரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். அங்கே பிந்திப் போனால் வேலை இல்லை. அந்தப் பயத்தில் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடியிருக்கிறார். ஓடி முடித்த பிறகுதான் பின்னால் வந்தது என்ன என்று தெரிந்ததாம். சாகும்வரை இதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஆக எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. தெரிந்துதான் ஓடினேன். எங்கள் ரோடு லயத்திலிருந்து தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறி, உச்சியில் தண்ணித் தொட்டியில் முடியும். தொட்டிக்குப் பின்னால் காடு. முதல் நாள் தொட்டி வரை நடந்து ஏறி, அங்கிருந்து இறக்கத்தில் ஓடி வந்தேன். மேட்டில் ஓட எனக்குத் தெம்பு ஏது? இந்தப் பனியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் நினைத்தேன்.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த வளைவில் பனி விலகிவிட்டது. பெண்கள் தலை தூக்கினார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு, கையை வீசிக்கொண்டு, முடி அவிழ வருகிறேன். கொழுந்துச் சாக்குகள் பறந்தன. முதலில் ஓடியவர் மேஸ்திரி. அவர் இதைப் படிப்பார். படிக்கட்டும். கீழே டீக்கடைச் சேட்டன் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளிருந்து, "சேச்சி, ஆன எவிடே?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாமல் தாண்டி வந்துதான் காம்பராக் கதவில் கை வைத்தேன்.

அன்று மத்தியானம் ராசாத்தி அக்கா காம்பராவுக்கு வந்தாள். அவளுக்கு அங்கே பிள்ளை யாரும் இல்லை. என்னைப் பார்க்கத்தான் வந்தாள். சமாதானம் பேச மேஸ்திரியும் கூட வந்தார்.

"நாளைக்கும் ஓடுவியா?"

"ஓடுவேன்."

"ஓட ஏலாது."

"ரோடு என்னா நீங்க போட்டதா?"

"ஆமாடி. நானுந்தான் கல்லு ஒடச்சேன்."

மேஸ்திரி குறுக்கே வந்தார். "செல்வி ஓடுறதுக்கு முன்னாடி வாட்ஸப் குரூப்புல போட்டுரட்டும். ஆனை இல்ல, செல்விதான்னு."

"கொழுந்து எடுக்கறப்ப நான் போனைப் பாப்பேனா, கையப் பாப்பேனா? போங்க மேஸ்திரி, அங்குட்டு."

மேஸ்திரி போய்விட்டார். ராசாத்தி அக்கா தரையில் உட்கார்ந்து, தவழ்ந்து வந்த ஒரு பிள்ளையை மடியில் எடுத்துக்கொண்டாள். குரல் இறங்கியது.

"எங்க வீட்டு ஆளு எப்படிச் செத்தாருன்னு ஒனக்குத் தெரியுமில்ல?"

எஸ்டேட்டுக்கே தெரியும். ஆனால் அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

"பசங்க வாலிபால் முடிச்சுட்டு வந்தானுங்க. வளைவுல திடுதிடுன்னு ஓடி வந்தானுங்க. அந்த வாரம் பூரா அவனுங்க பந்தயம் வச்சு ஓடிக்கிட்டு இருந்தானுங்க. யாரு சொல்லியும் கேக்கல. அன்னைக்கும் பந்தயம்னு நெனச்சுட்டாரு மனுஷன். சிரிச்சுக்கிட்டு நின்னாராம். எவன்டா ஜெயிச்சதுன்னு கேட்டாராம்."

பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"ஓடுறவங்களப் பாத்தா ஓடணும். நெசமா பொய்யான்னு நிக்கக் கூடாது. நீ தெனம் சும்மா ஓடுனா என்னா ஆவும்? இவளுகளுக்குப் பழகிரும். ஒருநாள் நெசமாவே ஓடி வருவ. செல்விதானேன்னு நிப்பாளுக."

அவள் சொன்னது சரி. சரியாகச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும்.

"அப்ப நான் மேல பாத்து ஓடுறேன்," என்றேன். "ஆனைக்குப் பயந்து எவளாச்சும் மேட்டுல ஓடுவாளா? எறங்குறப்ப நடந்து வாறேன். எறக்கத்துல நான் ஓடுனா அது ஆனை. போதுமா?"

யானை துரத்தினால் இறக்கத்தில் ஓடு என்பதுதான் எங்கள் பக்கத்துப் பாடம். அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு அதனால் வேகமாக இறங்க முடியாது என்பார்கள். உண்மையோ பொய்யோ, நாங்கள் எல்லாரும் இறக்கத்தில்தான் ஓடுவோம்.

ராசாத்தி அக்கா என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தாள்.

"மேட்டுல? நீ?"

"நான்தான்."

"செத்துருவடி," என்றாள். அப்போதுதான் சிரித்தாள். எழுந்து போகும்போது சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எறக்கத்துல ஒரு எட்டுகூடக் கூடாது."

சரி என்றேன்.

திட்டிக்கொண்டே ஓடியது

தண்ணித் தொட்டி வரை நிற்காமல் ஓடிவிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. முதல் நாள் பலா மரம் வரை ஓடினேன். லயத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் அந்த மரம் இருக்கிறது. நெஞ்சு காதுக்குள் அடித்தது. மறுநாளும் பலா மரம். அடுத்த வாரமும் பலா மரம். கொழுந்துக்காரிகளுக்குக் கொண்டாட்டம்.

"எக்ஸ்பிரஸ் பஸ் வருது, வழி விடுங்கடி."

"பின்னால நத்தை ஹாரன் அடிக்குது பாரு."

"செல்வி, இப்ப பழம் கெடையாதுடி. எதுக்குத் தெனம் மரத்தடியில வந்து நிக்கிற?"

பூட்ஸை வீட்டுக்காரர் கூடலூரில் வாங்கி வந்தார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் என் கால் அளவு தெரியாமல் பெரிதாக வாங்கி வந்தார். கேட்டதற்கு, "வளர்ற காலுதானே," என்றார். முன்னால் பழைய துணியைத் திணித்துக்கொண்டு ஓடினேன். குதிகாலில் கொப்புளம் வந்து உடைந்தது.

மழை தொடங்கியதும் அட்டை. பூட்ஸின் ஓட்டை வழியாக நுழைந்து விரல் இடுக்கில் உட்கார்ந்து குடிக்கும். ஓடினால் ஏறாது, நின்றால் ஏறும். மூச்சு வாங்க நிற்கவும் பயமாகிவிட்டது. அந்தப் பயத்தில்தான் பலா மரத்தை முதல்முறை தாண்டினேன்.

தாண்டிய சந்தோஷம் நிலைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பை யாரோ உளியால் செதுக்குவது போல வலி. படி இறங்க முடியவில்லை. டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே கோயம்புத்தூர்ப் பக்கத்து நர்ஸ்.

"ஏனுங்க, இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? ஊட்ல கம்முன்னு இருங்க," என்றார்.

இருந்தேன். மழைக்காலம் முழுக்கக் கம்மென்றுதான் இருந்தேன். கட்டிலுக்கு அடியில் பூட்ஸில் பூஞ்சை பூத்தது. கொழுந்துக்காரிகள் கேலி செய்வதையும் விட்டுவிட்டார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மழை விட்டதும் பூஞ்சையைத் துடைத்துவிட்டுக் கிளம்பினேன். அன்று நர்ஸைத் திட்டிக்கொண்டே ஓடினேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு. திட்ட வேண்டும் என்றால் மூச்சு வேண்டும். மூச்சு வேண்டும் என்றால் மெதுவாகப் போக வேண்டும். நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகம். திட்டி முடித்துப் பார்த்தால் பலா மரம் எனக்குக் கீழே இருந்தது.

அதுவரை ஏரிக்கரைப் பெண் மாதிரி ஓட வேண்டும் என்று நினைத்து, முதல் மேட்டிலேயே மூச்சை எல்லாம் கொட்டியிருக்கிறேன். முட்டாள்தனம். புதிதாக ஓடுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. ஒருவரை முழு வாக்கியத்தில் திட்ட முடிகிற வேகத்தில் ஓடுங்கள். வார்த்தை உடைந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

திட்டுகள் தீர்ந்த இடம்

எனக்குத் திட்ட ஆட்களுக்குப் பஞ்சமில்லை. எஸ்டேட் ஆபீசிலிருந்து வந்து எங்கள் ஒழுகும் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. அவருக்குப் பலா மரம் வரை. என் மாமியார் வீட்டு ஆட்களுக்கு அதற்கும் மேலே இருக்கும் பம்ப் ஹவுஸ் வரை. வீட்டுக்காரருக்கென்று தனியாக ஒரு வளைவு உண்டு.

ஒருநாள் பம்ப் ஹவுஸைத் தாண்டியதும் திட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது. யோசித்துப் பார்த்தேன். ஒருவர் முகமும் வரவில்லை. வாய் சும்மா இருந்தது. கால் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அந்த இடத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக வந்தன, பக்கத்தில் நின்றன, பின்னால் போயின. மரம் போகிறதா நான் போகிறேனா என்று சொல்ல முடியவில்லை. கீழே ஃபேக்டரியிலிருந்து காய்ந்த இலையின் வாசம் ஏறி வந்து கொஞ்ச தூரம் கூடவே வந்தது. எங்கேயோ தண்ணீர் சொட்டியது. என் மூச்சுச் சத்தம், வேறு யாரோ பக்கத்தில் ஓடி வருவது போலக் கேட்டது. அந்த ஆள் யாராக இருந்தாலும் எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

இறங்குவதும் அப்படி ஆகிவிட்டது. முதலில் அது எனக்குத் தண்டனையாகத்தான் இருந்தது. இறக்கத்தைக் கண்டால் கால் தானாக ஓடப் பார்க்கும். இழுத்துப் பிடித்து நடந்தேன். நடந்து பழகிய பிறகுதான் பார்த்தேன், தேயிலை மேல் பனி தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்துக்குப் போகிறது. பெண்களின் தலைத்துண்டுகள் மட்டும் அதில் மிதக்கின்றன. பேச்சு கேட்கிறது, ஆள் தெரியவில்லை. நான் நடந்து வருவது தெரிந்தால் ஒரு தலையும் நிமிராது. கைகள் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருக்கும்.

எலும்பு வலி திரும்ப வரவில்லை. நடந்து இறங்கியதால்தான் என்று நினைக்கிறேன். நர்ஸிடம் போய்க் கேட்கவில்லை.

தொட்டிக்குப் பின்னால்

பனிக்காலம் முடியும் நேரம். அன்று பம்ப் ஹவுஸ் போனது தெரியவில்லை. கடைசி வளைவு போனதும் தெரியவில்லை. திடீரென்று கையில் சிமெண்டு தட்டியது. பாசி பிடித்த ஈரச் சிமெண்டு. தண்ணித் தொட்டி.

நிற்காமல் வந்துவிட்டேன். கன்னத்தை அந்தப் பாசியில் வைத்துக்கொண்டேன். உள்ளே தண்ணீர் மெதுவாக விழும் சத்தம் கேட்டது. அங்கேயே தூங்கிவிடலாம் போல இருந்தது.

கண்ணைத் திறந்தபோது தொட்டிக்குப் பின்னால், காடு ஆரம்பிக்கும் இடத்தில், பனிக்குள் ஒரு கறுப்பு தெரிந்தது. பாறை அளவு இருந்தது. அங்கே பாறை உண்டா என்று யோசித்தேன். அவ்வளவு மேலே வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நினைவுக்கு வரவில்லை. அது அசைந்தது. இல்லை, பனிதான் அசைந்தது. ஓரத்தில் காது மாதிரி ஒன்று. காட்டு வாழை இலை மாதிரியும் இருந்தது. மோந்து பார்த்தேன். என் வேர்வை வாசம்தான் வந்தது.

இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் தெரிந்துவிடும். பாறை என்றால் பேசாமல் நடந்து இறங்கலாம். பாறையைப் பார்த்துவிட்டு இறக்கத்தில் ஓடினால், நான் கொடுத்த வாக்கு போச்சு. அதற்கப்புறம் என்னை ஓட விட மாட்டார்கள். விட்டாலும், அடுத்த முறை நான் ஓடி வரும்போது நின்று பார்ப்பார்கள்.

பார்த்துவிடுவோம் என்று ஒரு காலை முன்னால் வைத்தேன். அப்போது, பந்தயம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நின்ற மனுஷன் நினைவுக்கு வந்தார்.

திரும்பி ஓடினேன்.

பயந்துதான் ஓடினேன். அதை மறைக்கவில்லை. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இத்தனை மாதம் இழுத்துப் பிடித்த கால்கள் அவிழ்ந்துகொண்டன. தரை படுகிறதா இல்லையா என்று தெரியவில்லை. பனி முகத்தில் மோதிக் கிழிந்து இரண்டு பக்கமும் போனது. கனவில் ஓடினால் கால் நகராது என்பார்கள். எனக்கு அது கனவு மாதிரிதான் இருந்தது, ஆனால் கால் நகர்ந்தது.

வளைவில் பெண்கள் தலை தூக்கினார்கள். நான் கத்தக்கூட இல்லை. ஒருத்தியும் என்ன என்று கேட்கவில்லை. ஒருத்தியும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. சாக்குகள் விழுந்தன, அவ்வளவுதான். ராசாத்தி அக்கா, புதிதாக வேலைக்கு வந்த பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். எல்லாரும் ஒன்றாகக் காம்பராவுக்குள் போய் விழுந்தோம்.

தாழ்ப்பாள் போட்டதும் மேஸ்திரி கேட்டார். "ஆனைதானே?"

"தெரியல மேஸ்திரி. பனியில கறுப்பா நின்னுச்சு."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியலதான்."

ஃபாரஸ்ட் ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்குள் தூறல் போட்டிருந்தது. அங்கே கறுப்பாக ஒரு பாறை இருக்கிறது என்றார்கள். சருகும் கலைந்து கிடக்கிறது என்றார்கள். ஏதாவது நின்றிருக்கலாம், நிற்காமலும் இருந்திருக்கலாம் என்றார்கள். இன்று வரை எனக்குத் தெரியாது.

மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். "பாறையப் பாத்துட்டு ஓடி வந்து, பாதி நாள் வேலையக் கெடுத்து..."

"பாறைன்னா என்னா மேஸ்திரி?" என்றாள் ராசாத்தி அக்கா. அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "இவ நின்னு பாத்துட்டு வந்திருந்தா நல்லாருந்திருக்குமா? நீங்க எதுக்கு மொதல்ல வந்து உள்ள நிக்கிறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, கொம்பு இருந்ததா, காது ஆடியதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ராசாத்தி அக்கா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"கிட்டப் போய்ப் பாக்கணும்னு தோணலியா ஒனக்கு?"

"தோணுச்சுக்கா. ஒரு கால் எடுத்து வச்சுட்டேன்."

"அப்புறம்?"

"வேணாம்னு திரும்பிட்டேன்."

அவள் என் முடியில் ஒட்டியிருந்த சருகை எடுத்து, விரலால் நசுக்கி, கீழே போட்டாள்.

"தொட்டி வரைக்கும் போயிட்டியா?"

"போயிட்டேன்."

"நிக்காமயா?"

"நிக்காம."

"நாளைக்கும் போ," என்றாள். "மேல பாத்து."

"மேல பாத்துதான்க்கா."